சீகன்பால்கு என்றால் ஆட்டுத்தோல்

தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கி, தமிழ் நூல்களை அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை நம்மில் பலர் 'சீகன் பால்கு' என்று பிரித்தே எழுதுகிறோம். ஏதோ சொந்தப் பெயரும் குடும்பப் பெயரும் போல! இரண்டும் சேர்ந்ததுதான் குடும்பப் பெயர். சொந்தப் பெயர் பார்த்தலோமேயு. ஆனால் நாம் பிரித்த இடம் மிகச் சரி: ஜெர்மனில் 'சீகே' வெள்ளாடு, 'பால்க்' உரித்த தோல். கொல்லன் உலையில் ஊதும் துருத்திக்கும் அங்கே 'பிளாசெபால்க்' என்றுதான் பெயர். முன்னோர் யாரோ தோல் பதனிட்டவராகவோ தோல் வியாபாரியாகவோ இருந்திருக்கலாம்.

ஜெர்மனியில் தடுக்கி விழுந்தால் ஒரு ம்யூல்லர், ஒரு ஷ்மிட். மாவரைப்பவர், கொல்லர். சீகன்பால்க் அப்படியில்லை, அங்கேயே அபூர்வம். அவர் பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊர் இருக்கும் சாக்சனிதான் அந்தப் பெயருக்கும் தாய்மண். அந்த அபூர்வப் பெயர் தமிழ் அச்சு வரலாற்றில் நிலைத்துவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.