அப்பாவின் காரும் ஒரு ஆயில் சீலும்

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் பழைய காரில், எஞ்சினின் முன்பக்கம் சுழலும் சக்கரமான கிராங்க் புல்லிக்குப் பின்னாலிருந்து சில வாரங்களாக ஆயில் கசிந்து தரையெங்கும் திட்டுத் திட்டாகப் படிந்துகொண்டிருந்ததால், ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான முன்பக்க ஆயில் சீலை இன்று நானே மாற்றினேன். எஞ்சின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்வதற்கான டைமிங் குறிகளைச் சரிபார்த்த பிறகே டைமிங் பெல்ட்டில் கை வைத்தேன். பழைய சீலை நெம்பும்போது அதன் நடுவே சுழலும் ஷாஃப்டில் சிறு கீறல் விழுந்தாலும் புதிய சீலும் கசியும் என்பதால், ஸ்குரூடிரைவர் முனையில் துணி சுற்றிக்கொண்டு, அந்த ஒரு வேலைக்கே அரை மணி நேரம் செலவிட்டேன். புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கத்தை எஞ்சினை நோக்கி வைத்து, உள்விளிம்பில் ஆயில் தடவி, கோணாமல் சுற்றிலும் மெல்லத் தட்டி இறக்கினேன். சீலை மட்டும் மாற்றுவது அரைவேலை என்றே நினைக்கிறேன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி மறுபடியும் கசியும். எங்கள் காரில் அது கரியேறிக் கிடந்தது, அதையும் மாற்றிவிட்டேன். பசுமலை வரை ஓட்டித் திரும்பி இரண்டு மணி நேரம் ஆகிறது. வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டுகூட இல்லை.