சினகாக்கில் ஒரு நினைவு நிதி: பத்திரத்தில் எழுத வேண்டியதும் சப்பாத்தில் கவனிக்க வேண்டியதும்

மறைந்தவர் பெயரில் யூதக் கல்விக்கு நிதி வைப்பது அமெரிக்க சினகாக்குகளில் (யூதத் தொழுகைக் கூடங்களில்) சகஜம். அந்தப் பணத்தில் வகுப்பு நடக்கும், அல்லது வெளியூர் அறிஞர் ஒருவர் வார இறுதிக்கு வந்து உரையாற்றுவார். மிஷ்னா (யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பு) என்ற சொல்லுக்கும், ஆன்மாவைக் குறிக்கும் நெஷாமா என்ற சொல்லுக்கும் எபிரேயத்தில் அதே நான்கு எழுத்துகள்தான். வரிசை மட்டும் மாறும். துக்க நாட்களில் மிஷ்னா படிப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நன்கொடை 18-இன் மடங்காக வருவதும் எழுத்துக் கணக்குதான். உயிர் என்று பொருள்படும் ‘ஹய்’யின் இரண்டு எழுத்துகளுக்கு மதிப்பு 8, 10.

நிதியின் மூலதனத்தைத் தொடாமல் வைப்பதா, செலவழித்துத் தீர்ப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 25,000 டாலரில் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் கையில் வருவது 1,000 டாலர். வெளியூர் அறிஞருக்கு விமானக் கட்டணம், தங்குமிடம், சன்மானம் மூன்றையும் அதில் அடக்க முடியாது. அதே தொகையை ஆண்டுக்கு 5,000 வீதம் செலவழித்தால் ஐந்து உருப்படியான வார இறுதிகள் கிடைக்கும். பெயர் என்றென்றும் நிற்கட்டும் என்று குடும்பங்கள் முதல் வழிக்குப் போகின்றன. சிறு தொகைக்கு இரண்டாவதுதான் சரி. நிரந்தர நிதி என்றால், 4 சதவீதத்தை அன்றைய மதிப்பில் போடாமல் கடந்த 12 காலாண்டுகளின் சராசரியில் போட வேண்டும். இல்லையேல் சந்தை சரியும் ஆண்டில் வகுப்பும் நின்றுபோகும்.

பத்திரத்தின் வாசகம்தான் பெரும்பாலும் காலை வாரும். ‘செவ்வாய் மாலை தால்முத் வகுப்புக்கு’ (தால்முத் என்பது மிஷ்னாவும் அதன் மீதான விவாதங்களும் சேர்ந்த நூல்) என்று எழுதினால், ஆசிரியர் ஊர் மாறியதும் பணம் முடங்கும். ‘பெரியவர்களுக்கான யூதக் கல்வி, இயன்றவரை தால்முத், இயலாதபோது ரபியும் கல்விக் குழுவும் தீர்மானிக்கலாம்’ என்று எழுதினால் போதும் (ரபி என்பவர் சினகாக்கின் மதகுரு). நிறுவன நிதிகளுக்கான 2006 மாதிரிச் சட்டத்தை பென்சில்வேனியா தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றிருக்கின்றன. அந்த மாதிரிப்படி, 25,000 டாலருக்கு உட்பட்டு 20 ஆண்டைக் கடந்த நிதியின் நிபந்தனை காலத்துக்கு ஒவ்வாமல் போனால், மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு அறிவித்து 60 நாள் காத்திருந்து மாற்றலாம். மாநிலத்துக்கு மாநிலம் இந்த எண்கள் வேறுபடும். மற்றவற்றுக்கு, கொடுத்தவர் சம்மதமோ நீதிமன்றமோ வேண்டும். உதவித்தொகையை இன்ன பிள்ளைக்கு என்று பெயர் குறித்துக் கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்காது.

இனி நிகழ்ச்சிக்கான நாள். யார்சைட் என்னும் நினைவு நாள் எபிரேய நாட்காட்டிப்படி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும். 19 ஆண்டில் 7 முறை ஆதார் என்ற எபிரேய மாதம் இரட்டிக்கும். ஆதாரில் இறந்தவருக்கு எந்த ஆதார் என்பதில் வழக்கங்கள் வேறுபடுவதால் ரபியிடம் முன்பே கேட்டு எழுதி வைப்பது நல்லது. பாஸ்காவுக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். அந்தப் பண்டிகையில் வீட்டில் புளித்த மாவு இருக்கக்கூடாது என்று துணுக்கு துணுக்காகத் தேடுகிறவர்கள் சொற்பொழிவுக்கு வரமாட்டார்கள்.

சப்பாத் என்பது வெள்ளியன்று சூரியன் மறைவதில் தொடங்கி சனி இரவு வரை நீளும் ஓய்வு நாள். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சினகாக் என்றால், அன்று மின்கருவியை இயக்குவதும் எழுதுவதும் கூடாது என்பதால், சப்பாத் உரைக்கு ஒலிவாங்கி, திரை, பதிவு எதுவும் கிடையாது. கேட்பவர் குறிப்பெடுக்கவும் முடியாது. ஆகவே மூலநூல் பகுதிகள் அச்சிட்ட தாள்தான் பாடநூல். வெள்ளி நண்பகலுக்குள் நகலெடுத்து, பின் அடித்து, சினகாக்கிலேயே வைத்துவிட வேண்டும். ஊரில் எரூவ் (சப்பாத்தில் பொருள்களை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் அடையாள எல்லை) கட்டப்படவில்லை என்றால் தாளைத் தெருவில் எடுத்துச் செல்லக்கூடாது. இறைவனின் எபிரேயப் பெயர் அச்சான தாள் குப்பைக்குப் போகக்கூடாது என்பதால், அத்தகைய தாள்களைச் சேர்த்து வைக்கும் கெனிசாப் பெட்டி ஒன்று வாசலருகே இருக்கட்டும்.

சப்பாத்தில் வண்டியில் போகக்கூடாது என்பதால், அறிஞரின் தங்குமிடம் நடை தூரத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் நியூயார்க்கில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். வெள்ளிக்கிழமை விமானம் தாமதித்தால் அவர் வழியிலேயே மாட்டிக்கொள்வார். வியாழனே வரவழைத்துவிடுங்கள். சப்பாத் வேலைக்கென்று தனிக் கூலி வாங்குவது யூதச் சட்டமான ஹலாக்காவில் கூடாது. அதற்காகவே சனி இரவு ஓர் உரையையும் சேர்த்து, வார இறுதி முழுவதற்கும் ஒரே தொகையாக ஒப்பந்தம் போடுவார்கள். அந்த இரவு உரைக்கு ஒலிவாங்கியும் வைக்கலாம், தொலைவில் இருக்கும் உறவினருக்காகப் பதிவும் செய்யலாம்.