க்லா திரும்பும் வழி: கரேன் ஊர்க் குறிப்புகள்

பிப்ரவரி 12

வட தாய்லாந்தின் மே சேம் மலைப்பக்கம், கரேன் பழங்குடியினரின் ஊர்களில், பயிரிடக் காடு வெட்டும் பருவம். பழைய முறை விடாத வீடுகளில் கத்தி எடுக்குமுன் கோழி எலும்பு பார்க்கிறார்கள். அவித்த கோழியின் இரண்டு தொடை எலும்புகளையும் சதை ஒட்டாமல் சுரண்டி எடுக்க வேண்டும். எலும்பில் ஊசிமுனை அளவுக்குச் சிறு துளைகள் தெரியும். அவற்றில் மூங்கில் சிம்பைச் செருகி, இடது வலது எலும்புகளில் அது எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்று ஒப்பிடுவார்கள். சிம்பு தடித்தால் உள்ளே இறங்காது. மயிரிழை போலச் சீவ வேண்டும்.

குறி நல்லதாக வந்தாலும், வெட்டும்போது கேளையாடு கத்தினால் அந்த நிலத்தை விட்டுவிடுவார்கள்.

ஏப்ரல் 3

குழந்தையின் தொப்புள்கொடி விழுந்ததும் தகப்பன் அதை மூங்கில் குழாயில் போட்டு, வாயை மூடி, ஊரோரத்து மரத்தில் கட்டுகிறார். குழந்தையின் க்லா, அதாவது உயிர்ச்சத்து, அந்த மரத்தோடு இணைந்துவிடுகிறது. அதனால் உறுதியான மரமாகத் தேடுவார்கள். வெட்டினால் பிள்ளை நோயில் விழும் என்ற பயம் உண்டு. வெட்டியவர் கோழி தண்டம் கொடுக்க வேண்டும். ஊரைச் சுற்றி இத்தனை பெரிய மரங்கள் நிற்பதற்கு இந்தக் கட்டும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 8

பர்மிய நாட்காட்டியின் வாகவுங் மாத முழுநிலவை ஒட்டி மணிக்கட்டில் நூல் கட்டும் சடங்கு. ஓர் ஆளுக்கு 37 க்லா என்பது பரவலான கணக்கு. 33 என்று சொல்லும் ஊர்களும் உண்டு. திடுக்கிட்டாலோ பயந்தாலோ அதில் சில வெளியே போய் அலையும். ஆள் சோர்ந்துபோவார், சோறு இறங்காது.

தட்டில் ஏழு பொருள் வைக்க வேண்டும்: குளிர்ந்த தண்ணீர், வெள்ளை நூல், உருண்டை பிடித்த ஒட்டரிசிச் சோறு, இலையில் முக்கோணமாக மடித்து அவித்த சோறு, வாழைப்பழம், கரும்பு, பூங்கொத்து. பெரியவர் மரக்கரண்டியால் தட்டி, க்லாவைப் பெயர்சொல்லாத குறையாகக் கெஞ்சி அழைப்பார்: காட்டில் இருந்தாலும் வா, ஆற்றில் இருந்தாலும் வா, வீட்டுக்கு வா. பிறகுதான் நூலைக் கட்டுவார். பருத்தி நூல் நல்லது. நைலானில் முடிச்சு நழுவும்.

கரும்பின் ஒரு கணு மண்ணில் விழுந்தாலும் முளைக்கும். வாழை கன்று கன்றாகப் பெருகும். தாய்லாந்து-மியான்மர் எல்லையோரம் 1984 முதல் இருக்கும் மே லா அகதி முகாமில் இந்தத் தட்டைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஊரிழந்து வந்த சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான படையல் எது?

செப்டம்பர் 20

தாய்வழி மூதாதை ஆவிக்கான படையல் கடினமானது. அந்த வழியில் பிறந்தவர் அனைவரும் வந்தாக வேண்டும். மூத்த பெண்தான் தலைமை. பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போனபின் இதுதான் முதலில் தடைபடுகிறது: ஒருவர் வராவிட்டாலும் சடங்கு நிறைவேறாது.

டிசம்பர் 1

நெல்லுக்கும் க்லா உண்டு. அடித்து முடிந்ததும், பயிரைக் காத்த தோ பீ கா பறவையை வழியனுப்புகிறார்கள். அடுத்த விதைப்புக்கு அது திரும்பி வர வேண்டும்.