பிள்ளையார் தும்பிக்கை: மூன்று வயது மகளுக்கு ஸ்பேசர் பழக்கிய கதை

முதல் பத்து நாள் என் மகளுக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை. கொடுத்துக்கொண்டிருப்பதாக நான்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அப்போது மூன்று வயது, எடை 13 கிலோ. ஐப்பசி மழை தொடங்கினால் சளி பிடிக்கும்; சளி பிடித்த மூன்றாம் நாள் வீசிங். நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடுவோம், நெபுலைசர் வைப்பார்கள், விடியும்போது வீடு திரும்புவோம். மூன்றாவது முறை இப்படிப் போனபோது டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதினார். ஒன்று புடிசொனைட், வீசிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் இரவும். இன்னொன்று சால்புடமால், மூச்சிரைக்கும்போது மட்டும். கூடவே மாஸ்க் வைத்த ஸ்பேசர்: ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி, மறு முனையில் மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய். மருந்துக் கடைத் தம்பி பெட்டியைப் பிரித்து ஒரு நிமிஷம் காட்டினார். பின்னால் வரிசை நின்றது. புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. என் கணவர் குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொள்வார், நான் தலையை மடியில் இடுக்கி மாஸ்க்கை முகத்தில் அழுத்துவேன். குழந்தை வீறிட்டு அழுவாள். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு பஃப்பையும் (ஒரு அழுத்துக்கு ஒரு பஃப்) சேர்த்து அடித்துவிடுவேன். "அழுதா நல்லா மூச்சு இழுப்பா, மருந்து உள்ள போயிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் ஆறுதலாக இருந்தது.

மறு பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த சிஸ்டர், "எப்படிக் கொடுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் திட்டவில்லை. "அம்மா, அழற குழந்தை நீளமா மூச்சை வெளிய விடுது, உள்ள இழுக்கறது வெடுக்குனு ஒரு இழுப்பு. அந்த வேகத்துல மருந்து தொண்டையிலயே ஒட்டிக்கும், நுரையீரலுக்கு இறங்காது" என்றார். மாஸ்க் ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் குழந்தை அந்த வழியாக வெளிக்காற்றைத்தான் இழுக்கும், மருந்து குழாய்க்குள்ளேயே நின்றுவிடும் என்பதையும் காட்டினார். இன்ஹேலரிலிருந்து மருந்து பாய்ந்து வரும் வேகத்தைத் தணித்து, குழந்தை நிதானமாக மூச்சுவிட்டு எடுத்துக்கொள்ள நேரம் கொடுப்பதுதான் ஸ்பேசரின் வேலை. நானோ அந்த நிதானத்தையே பறித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாள் மருந்தே அடிக்காம வெறும் ஸ்பேசரை விளையாடக் கொடுங்க" என்றார் சிஸ்டர். அதற்கு டாக்டரும் சரி என்றார்.

அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் மாறியது. ஸ்பேசரைத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தவள், "பிள்ளையார்!" என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பிள்ளையார் தும்பிக்கை என்றே பெயர். முதலில் கரடி பொம்மைக்குத் தும்பிக்கை, அப்புறம் அப்பாவுக்கு, எனக்கு, கடைசியில் அவளுக்கு. மாஸ்க்கை அவள் கையாலேயே பிடித்துக்கொள்ளவிட்டேன், என் கை மேலே சும்மா இருந்தது. அதில் ஒரு வால்வு உண்டு, மூச்சுவிடும்போது மெல்ல அசையும். "அது எத்தனை தடவை ஆடுது, எண்ணு பார்க்கலாம்" என்றேன். ஆறு வரை எண்ண அவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஆறு மூச்சுதான்.

மூன்றாம் நாள் மருந்து சேர்த்தோம். நிமிர்ந்து உட்காரவைத்து, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மாஸ்க் மூக்கையும் வாயையும் முழுசாக மூடியபிறகு ஒரே ஒரு பஃப். ஆறு எண்ணிக்கை. கொஞ்சம் பொறுத்து, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். முடிந்ததும் வாய் கொப்பளிக்கவைத்து, மாஸ்க் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். புடிசொனைட் ஸ்டீராய்டு என்பதால் இதை விடக்கூடாது. விட்டால் வாயில் வெள்ளை படியும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு என் மாமியார் கலங்கிவிட்டார். "பச்சப் புள்ளைக்குப் பம்பு பழக்கிட்டா காலம் பூரா விடாதும்மா. சிரப்பே குடுக்கலாமே." அவருடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை, எனக்கும் அது இருந்தது. பழைய சிரப் பாட்டிலை எடுத்து இருவரும் படித்தோம். சால்புடமால், 5 மில்லியில் 2 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம். "அத்தை, ஒரு ஸ்பூன் சிரப்புல இருபது பஃப் மருந்து இருக்கு. அது உடம்பு பூரா சுத்திட்டு நெஞ்சுக்கு வருது. இது நேரா நெஞ்சுக்கே போகுது." சிரப் குடித்த நாட்களில் குழந்தையின் கை நடுங்கியதைப் பார்த்தவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் காலை, "தும்பிக்கை போட்டாச்சா?" என்று அவரே கேட்டார்.

இரண்டு தவறுகளைச் சொல்லியாகவேண்டும். ஸ்பேசரைக் கழுவிப் பளபளவென்று துணியால் துடைத்துவந்தேன். பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துளிகளைச் சுவரிலேயே இழுத்துக்கொள்ளும். இப்போது வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு அலசி, இரவில் கவிழ்த்துவைத்துத் தானாகக் காயவிடுகிறேன். அடுத்தது, மருந்து தீர்ந்தது தெரியாமலே சில நாள் அடித்தது. தீர்ந்தபிறகும் வாயு மட்டும் "புஸ்" என்று வரும். எங்கள் புடிசொனைட் இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் வசதி இல்லை. 200 பஃப் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு என்றால் ஐம்பது நாள். புதுசு திறக்கும் அன்றே காலண்டரில் ஐம்பதாம் நாளை வட்டமிட்டுவிடுகிறேன். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பவேண்டாம்.

எங்கள் வீடு வடசென்னையில். போகி அன்று விடியற்காலை தெருவெல்லாம் டயர் புகை. ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தும் ஐந்து மணிக்கு இருமல் தொடங்கியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், விலாவுக்கு நடுவே தோல் உள்வாங்கியது. சால்புடமால் எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, மருந்துக்கும் விலா அடங்காவிட்டாலோ, நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் தேவைப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரி என்பதும் அதில் இருக்கிறது. என் கைதான் நடுங்கியது. அவள் தும்பிக்கையைத் தானே பிடித்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணினாள். ஆறு மணிக்கு விலா அடங்கித் தூங்கிவிட்டாள். அன்று ஆட்டோ தேவைப்படவில்லை.

இப்போது ஐந்து வயது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, குழாயை வாயில் வைத்து மூச்சிழுக்கப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோலக் கன்னத்தை ஒட்டவைத்து இழுக்கிறாள், வால்வு அசைவதில்லை. பூ முகர்வதுபோல மெதுவாக, ஆனால் வாயால் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதுவரை மருந்து மாஸ்க்கில்தான். நேற்று ராத்திரி வெறும் ஸ்பேசரில் மூன்று தடவை வால்வு அசைந்தது. அவளே எண்ணினாள்.