விசா வேண்டாம், வீடு வேண்டும்: லாங்யியர்பியனில் குழந்தையோடு குடியேறுவது

வடதுருவத்துக்கு அருகே உள்ள, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம் என்று ஒரு செய்தி இணையத்தில் அடிக்கடி சுற்றும். பொய்யில்லை. 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தின்படி நடக்கும் நார்வே, அந்தத் தீவுகளில் தங்க விசாவோ வேலை அனுமதியோ கேட்பதில்லை. ஆனால் விமானம் நார்வேயின் பெருநிலத்தில் உள்ள ஆஸ்லோவிலிருந்தோ டிரோம்சோவிலிருந்தோதான் கிளம்புகிறது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு அந்த ஊர்களில் இறங்க ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், அதுவும் இருமுறை நுழையக்கூடியதாக. ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் திரும்பி வருவது இரண்டாவது நுழைவாகிவிடும். ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

உண்மையான தடை வீடு. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான, சுமார் 2,500 பேர் வாழும் லாங்யியர்பியனில் பெரும்பாலான வீடுகள் வேலையோடு சேர்ந்து வருபவை. வேலை போனால் வீடும் போகும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் வேலை, ஒப்பந்தத்திலேயே குடும்ப வீடு, பிறகு குழந்தைக்கு மழலையர் பள்ளியில் இடம், கடைசியில் டிக்கெட். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது தனி ஆளுக்குச் சரிவரலாம், கைக்குழந்தைக்காரர்களுக்குச் சரிவராது. சமூக நல உதவி என்று கைநீட்ட இடமில்லை. தன்னைத் தானே பராமரிக்க முடியாதவரைத் திருப்பி அனுப்ப, சிசெல்மெஸ்டர் எனப்படும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. கையிலே காசு, வாயிலே தோசை என்கிற ஊர்.

வீடு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். 2015 டிசம்பர் 19 அன்று சுக்கர்டொப்பன் மலையிலிருந்து சரிந்த பனி 11 வீடுகளைப் பெயர்த்தது. இறந்த இருவரில் ஒருவர் குழந்தை. அதன்பின் சரிவில் பனித் தடுப்பு வேலிகள் போட்டார்கள், அடிவாரத்து வீடுகள் பலவற்றை இடித்தார்கள். ‘பனிச்சரிவு எச்சரிக்கையின்போது காலிசெய்ய வேண்டிய பகுதியா?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும்.

மருத்துவமனை சிறியது. அவசர சிகிச்சை உண்டு. கடுமையான நோய் என்றால் சுமார் 950 கி.மீ. தொலைவில் உள்ள டிரோம்சோவுக்கு விமானத்தில் அனுப்புவார்கள். நார்வேயின் தேசியக் காப்பீட்டில் உறுப்பினராக இல்லாதவருக்கு அந்தச் செலவைத் தாங்கும் தனிக் காப்பீடு கட்டாயம் தேவை. பிரசவ வசதி கிடையாது. கர்ப்பிணிகள் குறித்த தேதிக்கு சுமார் மூன்று வாரம் முன்பே பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே தங்குமிடம், மூத்த குழந்தையை யார் பார்ப்பது என்பதெல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகவே முடிவாக வேண்டிய விஷயங்கள்.

இனி உடை. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். குளிர்காலத்தில் மைனஸ் 10, 20 என்பது சாதாரணம். காற்று அடித்தால் அதைவிட மோசமாக உறைக்கும். விலை உயர்ந்த ஒரே தடிமனான கோட்டு வாங்குவது வீண். உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்று புகாத முழுநீள அங்கி என்று மூன்று அடுக்கு வேண்டும். பருத்தி பனியன் உள்ளே இருந்தால் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம்தான் குழந்தையை விறைக்க வைக்கும். பூட்ஸ் ஒரு விரற்கடை பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் இறுகி, கால் சில்லிட்டுப் போகும். விரல் பிரிந்த கையுறை வேண்டாம், ஒரே பையாக இருப்பதைப் போடுங்கள்.

போடும் முறையும் முக்கியம். முதலில் கழிப்பறை, அல்லது டயப்பர் மாற்றம். பிறகு உள்ளடுக்கு, காலுறை, நடு அடுக்கு, கழுத்துச் சுற்று, தொப்பி, அங்கி, பூட்ஸ், கடைசியில் கையுறை. பெரியவர்கள் தங்கள் உடையை முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். குழந்தையை முழுதாக மூட்டை கட்டிவிட்டுச் சாவி தேடினால், சூடான அறையில் அது வியர்த்துவிடும். வெளியே போனதும் அந்த வியர்வையே பகை. பனியில் இழுக்கும் ஸ்லெட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அசைவதில்லை, ஆகவே சூடும் உண்டாவதில்லை. இழுக்கிறவருக்கு வியர்க்கும், உட்கார்ந்திருப்பவர் குளிர்ந்துகொண்டிருப்பார். கால் மணிக்கொரு தரம் பிடரியில் கைவைத்துப் பாருங்கள். விரல் நுனி சில்லென்று இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பூட்ஸின் உள்ளுறையை இரவுதோறும் கழற்றி உலர்த்துங்கள். மழலையர் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரிதான் உடுத்தியிருக்கும், ஒற்றைக் கையுறைவரை பெயர் எழுதுங்கள். அங்கே பேச்சு நார்வேஜிய மொழி. குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பெற்றோர்தான் பின்தங்குவார்கள்.

குளிர்காலத்தில் மழை பெய்வதும் இப்போது புதிதல்ல. பெய்த நீர் உறைந்து தெரு கண்ணாடியாகிவிடும். குழந்தையைத் தூக்கி நடப்பவரின் காலணியில் ஆணிப்பட்டை இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் நிறைய வாழ்கிற ஊர், அரிசிக்குப் பஞ்சமில்லை. பாலும் காய்கறியும் வெளியிலிருந்து வருபவை, விலை கடிக்கும். பூனை வளர்க்கத் தடை, பறவைகளைக் காப்பதற்காக.

ஊர் எல்லையில் பனிக்கரடி படம் போட்ட பலகை நிற்கும். அதைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் கொண்டுபோகச் சொல்கிறார்கள். குழந்தை வண்டியோடு நடப்பது பலகைவரைக்கும்தான்.

அக்டோபர் 26 வாக்கில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேல் வரும். மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை நண்பகலும் இருட்டு. இந்த மாதங்களில் எழுப்பும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாதீர்கள். எழுந்த உடனே வீட்டு விளக்கையெல்லாம் போட்டுவிடுங்கள். வைட்டமின் டி-க்கு நார்வேக்காரர்கள் மீனெண்ணெய் கொடுப்பது வழக்கம். கைக்குழந்தைக்கு எவ்வளவு என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போகும் குழந்தைமேல் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி இருக்க வேண்டும்.

இருட்டைவிடக் கோடைதான் பெற்றோரைப் படுத்தும் என்பது என் கணிப்பு. ஏப்ரல் 20 முதல் ஆகஸ்டு 22 வரை சூரியன் மறையவே மறையாது. கறுப்புத் திரை மட்டும் போதாது, ஓரங்களில் வெளிச்சம் கசியும். சன்னலுக்கு அளவாக வெட்டிய அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டி, சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டுங்கள். தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே வீடு முழுக்கத் திரையை இழுத்துவிடுங்கள், படுக்கையறையை மட்டும் இருட்டாக்கினால் குழந்தை உள்ளே வராது.