விலை உறைக்கு முன்பே

லாரி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் டெண்டர் வேலை பார்த்தேன். ராணுவம் லாரி வாங்குகிறது என்றாலே எல்லோரும் விலையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் பார்த்தவரை, விலை உறையைப் பிரிப்பதற்கு வெகு முன்பே, ஆர்எஃப்ஐ வரும்போதே ஒரு லாரியின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

ஆர்எஃப்ஐ என்பது தகவல் கேட்கும் கடிதம். வாங்குவோம் என்ற உறுதி எதுவும் அதில் கிடையாது. இப்படி ஒரு வண்டி தேவை, உங்களால் என்ன முடியும், எவ்வளவு காலம் ஆகும், உள்நாட்டுப் பாகங்கள் எத்தனை சதவீதம் என்று ராணுவம் கேட்கும். வரும் பதில்களையும் பார்த்துத்தான் தேவைப் பட்டியல் உறுதியாகும். அப்புறம் இது தேவைதான் என்று அமைச்சகத்தின் ஒப்புதல். அதன் பிறகே ஆர்எஃப்பி, அதாவது முறையாக விலைப்புள்ளி கேட்கும் ஆவணம் வெளிவரும். அது வந்தபின் பட்டியலில் ஒரு வரியை மாற்றுவதுகூடப் பெரும்பாடு. தொழில்நுட்ப ஆய்விலும் களச் சோதனையிலும் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். அதில் குறைந்த விலை சொன்னவர் எல்1, ஒப்பந்தம் அவருக்குத்தான்.

இவ்வளவு முக்கியமான ஆர்எஃப்ஐக்குப் பதில் எழுதும் வேலையைப் பலரும் படிவம் நிரப்புவதாகவே நினைக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் 'முடியும்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இதில் எப்போதும் வருத்தம் உண்டு. ஐந்து டன் சுமை வேண்டும், 5,000 மீட்டர் உயரத்திலும் இழுக்க வேண்டும், ராஜஸ்தான் மணலிலும் சூடாகாமல் ஓட வேண்டும், எடையும் கூடக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமான தேவைகள். சேர்த்து வைத்தால் ஒன்றோடு ஒன்று மோதும். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60%தான். டர்போ சார்ஜர் ஓரளவுக்கு ஈடுகட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய எஞ்சின், பெரிய ரேடியேட்டர், கூடுதல் எடை. மலைப்பாதையில் எடை என்பது பாலத்தின் பிரச்சினை. ராணுவக் கணக்கில் பாலத்துக்கு ஒரு சுமை வகுப்பு எண் உண்டு, வண்டிக்கும் உண்டு. வண்டியின் எண் பாலத்தின் எண்ணைத் தாண்டிவிட்டால் வழக்கமாக அதில் ஏற்ற மாட்டார்கள். இதையெல்லாம் பதிலில் கணக்கோடு எழுத வேண்டியது வண்டி செய்பவரின் கடமை. பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், சில தேவைப் பட்டியல்கள் மார்வெல் காமிக்ஸிலிருந்து வந்தவை போல இருக்கின்றன என்று 2015-இல் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பழியில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

களச் சோதனைக்கு நிறுவனம் தன் செலவிலேயே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். வாங்குவோம் என்ற வாக்குறுதி அங்கேயும் கிடையாது. கோடையில் பாலைவனம், குளிர்காலத்தில் லடாக். ஒரு பருவம் தவறினால் அடுத்த வருடம்தான். லடாக் குளிரில் சாதாரண டீசல் உறைந்து கெட்டியாகிவிடும். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசல் அங்கே 2019-இல்தான் வந்தது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் இஎம்இ படைப்பிரிவின் மெக்கானிக்குகள் செய்யும் பராமரிப்புச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபில்டரைக் கழற்றக் கை நுழைகிறதா, எந்த ஸ்பானர் போதும், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். எந்த விளம்பரப் பேச்சும் அவர்களிடம் எடுபடாது.

ஒரு தேர்வு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஜபல்பூர் சாட்சி. 1950களின் இறுதியில் அங்கே தொடங்கிய சக்திமான் லாரி 90கள் வரை தயாரானது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று சென்னை அசோக் லேலண்டின் ஸ்டாலியன். அதுவும் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையிலேயே தயாரானது. இன்று சேரும் சிப்பாயின் மகனும் ஓட்டக்கூடிய வண்டி இது. உதிரிபாகம் கிடைக்குமா என்ற கேள்வி முதல் நாளிலேயே எழ வேண்டும். கேட்டதைவிடக் கூடுதல் திறனுக்கு விலை ஒப்பீட்டில் 10% வரை மதிப்பு தரும் வழி 2016 பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையில் வந்தது. நல்ல மாற்றம். உதிரிபாகத்துக்கும் அப்படி மதிப்பு தரலாம் என்பது என் கருத்து.

பதில் எழுதும் இளம் பொறியாளர்களை லடாக்கின் லே நகரம் வரை லாரியிலேயே அனுப்புங்கள் என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருப்பேன். சில வருடங்கள் அனுமதி கிடைத்தது. போய் வந்தவர்கள் எழுதிய பதில்களில் 'முடியும்' குறைந்து, எந்த உயரத்தில் எவ்வளவு சுமை என்ற அட்டவணை வந்தது.