சர்க்கரையைத் தவிர வேறென்ன?

1699இல் பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மேரியன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென் அமெரிக்காவின் டச்சுக் குடியேற்றமான சுரினாமுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 52. துணைக்கு இளைய மகள் மட்டும். செலவுக்குத் தன் ஓவியங்களை விற்றிருந்தார். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, அது என்ன பூச்சியாக மாறுகிறது என்று வளர்த்துப் பார்த்து வரைந்தார். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஒரே சிரிப்பு. சர்க்கரையைத் தவிர இங்கே தேட என்ன இருக்கிறது என்று!

அவர் வரைந்த செடிகளில் ஒன்று மயில்கொன்றை. ஆமாம், நம் ஊரில் வேலியோரம் பூக்கிறதே, அதேதான். அடிமைப்பட்ட பெண்கள் இதன் விதையைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தியதை எழுதிவைத்திருக்கிறார். தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாதென்று அப்படிச் செய்வதாக அந்தப் பெண்களே அவரிடம் சொன்னார்களாம். எவ்வளவோ தாவர நூல்களில் தேடினாலும் கிடைக்காத வரி இது. ஆனால் காட்டில் அவருக்கு வழி வெட்டிக்கொடுத்ததும் அடிமைகள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் காய்ச்சல். 1701இல் திரும்பினார், 1705இல் 60 படங்களோடு நூல் வந்தது. அதில் கொய்யாக் கிளையில் ஒரு சிலந்தி ரீங்காரச் சிட்டை (ஹம்மிங்பேர்டு) தின்கிறது. வெறும் கட்டுக்கதை என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கையியலாளர் பேட்ஸ் அமேசானில் சிலந்தியிடம் சிக்கிய பறவைகளை நேரில் பார்த்து எழுதிய பிறகுதான் வாய் மூடினார்கள்.